பொறுப்பு ஓட்டம்

எடை அளவைத் துறையின் இளநிலை உதவியாளன் ஒருவனுக்கு மஞ்சள் காமாலை வந்தது. வந்தது, படுக்கப் போட்டது, ஒருவழியாகப் போனது. உலகத்தில் யாருக்கும் வரக்கூடிய நோய்தான். ஆனால் அது தன்னுடைய சொந்த நோய் அல்ல, துறைக்குச் சேர வேண்டிய நோய் என்பது மீண்டும் வேலைக்கு வந்த அன்றுதான் அவனுக்குத் தெரிய வந்தது.

அலுவலகத்தில் அவனை டிகிரி என்று கூப்பிடுவார்கள். பட்டம் வாங்கியவர்கள் அங்கே இன்னும் பலர் உண்டு. வாங்கியதை இன்னமும் நம்ப முடியாமல், யாராவது கேட்டுவிடப் போகிறார்கள் என்று சான்றிதழின் நகலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைகிறவன் அவன் ஒருவன்தான். அவன் வீட்டில் அவனுக்கு முன் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. அம்மா சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறாள். அக்கா வீட்டிலேயே தையல். இரண்டு பேரும் சேர்ந்து அவனை இந்த நாற்காலி வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள். நாற்காலி இன்னும் அவனுடையது இல்லை. தகுதிகாண் பருவம் முடியும் தறுவாயில் இருந்தது. இயக்குநர் ஒரு கையெழுத்துப் போட்டால் நிரந்தரம். போடாவிட்டால் அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்துத்தான் பாதிக் காமாலை வந்தது என்று அக்கா சொல்லுவாள்.

இங்கே துறைத் தலைவர்களிடையே அப்போது பரவியிருந்த ஒரு மோகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். தலைமைச் செயலகத்தில் இருந்த செயலருக்குப் பித்தப்பையில் கல் எடுத்தார்கள். எடுத்த கையோடு அவர் அறுபது கிலோமீட்டர் ஓடினார். ஓடிய படம் எல்லாச் சுவர்களிலும் மாட்டப்பட்டது. கீழே "நோய் முடிவல்ல, தொடக்கக் கோடு" என்று எழுதியிருந்தது. அடுத்த வாரமே சுற்றறிக்கை வந்துவிட்டது. ஒவ்வொரு துறைத் தலைவரும் ஏதேனும் ஒரு நோயிலிருந்து மீண்டு, அறுபது கிலோமீட்டர் ஓடி முடிக்க வேண்டும்.

எடை அளவைத் துறையின் இயக்குநருக்கு இதில் ஒரு சிக்கல். அவருக்கு நோயே இல்லை. மருத்துவரிடம் போய்த் தலை முதல் கால் வரை சோதித்துப் பார்த்துவிட்டு, முகம் தொங்கிப் போய்த் திரும்பினார்.

"சர்க்கரைகூட இல்லையா சார்?" என்று கேட்டார் கண்காணிப்பாளர் அம்மா.

"இல்லைன்னுட்டாங்கம்மா."

"ரத்த அழுத்தம்?"

"அதை ஏன் கேக்குறீங்க. இருபது வயசுப் பையனுக்கு இருக்கிற மாதிரி இருக்காம். வெளியில சொன்னா வெக்கக்கேடு."

கண்காணிப்பாளர் அம்மா துறையில் முப்பது வருடம் பழம் தின்று கொட்டை போட்டவர். கையில் விதிமுறை இருந்தால் கல்லையும் கரைத்துவிடுவார். அவர் கண்ணில்தான் அன்று காலை டிகிரி பட்டான். இன்னும் மஞ்சள் தெளியாத கண்களோடு, சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்லத் தன் இருக்கையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தான்.

"இங்க வாப்பா. கண்ணைக் காட்டு."

காட்டினான்.

"சார், பாருங்க. அசல் மஞ்சள்."

இயக்குநர் எழுந்து வந்து பார்த்தார். அவர் பார்வையில் ஏக்கம் இருந்தது.

"இது உனக்கு எங்க வந்துச்சு?" என்றார் கண்காணிப்பாளர் அம்மா.

"கல்லீரல்ல, மேடம்."

"அது தெரியுது. எங்க உக்காந்திருக்கும்போது வந்துச்சு?"

"இங்கதான் மேடம். தராசு பதிவு பண்ணிட்டு இருந்தேன். தலை சுத்திச்சு."

"தண்ணி எங்க குடிப்ப?"

"ஆபீஸ் டிரம்லதான்."

கண்காணிப்பாளர் அம்மா இயக்குநரைப் பார்த்துத் திரும்பினார். "பணி நேரத்துல, பணியிடத்துல, அரசுக் குடிநீர்ல வந்த நோய் சார். தனி ஆள் எப்படி உரிமை கொண்டாட முடியும்? இது துறையோட நோய். துறைன்னா யாரு? நீங்கதான்."

மாலைக்குள் ஆணை தயாராகிவிட்டது. மேற்படி நோய் இயக்குநர் அவர்களின் பெயரில் ஏற்கப்படுகிறது என்றும், நோயுற்றிருக்கும் இயக்குநர் அவர்கள் ஓய்வில் இருக்க வேண்டியிருப்பதால், அந்நோயிலிருந்து மீண்டு ஓட வேண்டிய அறுபது கிலோமீட்டரை இளநிலை உதவியாளர் தம் பணிகளுடன் கூடுதல் பொறுப்பாக, இயக்குநருக்குரிய முழு அதிகாரங்களோடும் மரியாதைகளோடும், ஓட்டம் முடியும் வரை கவனித்து வருவார் என்றும் அதில் கண்டிருந்தது.

டிகிரி அதை இரண்டு முறை படித்தான். எழுத்துப்பிழை எதுவும் இல்லை.

"மேடம், டாக்டர் ஓடக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு. கொஞ்சம் நடக்கணும், கொஞ்சம் உக்காரணும், அவ்வளவுதான்னாரு."

"யாருக்குச் சொன்னாரு?"

"எனக்கு."

"ஓடப்போறது யாரு?"

"நான்தான்."

"எங்க நீ? இயக்குநர் பொறுப்புல இருக்கிறவர் ஓடப்போறாரு. அவருக்கு டாக்டர் ஒண்ணும் சொல்லலையே."

யோசித்துப் பார்த்தால் சரியாகத்தான் இருந்தது. "என்னோட நிரந்தரம்...?" என்று இழுத்தான்.

"ஓட்டம் முடியட்டும். உன் ஃபைல் என் மேசை மேலதான் இருக்கு. எங்கயும் ஓடிடாது."

வீட்டில் அம்மா இஸ்திரிச் சூட்டில் சிவந்த கையால் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"அறுபது கிலோமீட்டர் போனா அங்க என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லம்மா. ஒரு ரிப்பன் கட்டியிருப்பாங்க."

"அங்க பஸ் போகாதா?"

"போகும்மா. ஆனா ஓடித்தான் போகணும்."

"இதுக்காடா உன்னைப் படிக்க வச்சேன். படிக்காதவன்கூடப் பஸ்ல போறான்."

அக்கா அளவு எடுத்தாள். யாரோ வேண்டாமென்று விட்டுப்போன சோபா உறைத் துணியில் ஓடுவதற்கு ஒரு கால்சட்டை தைத்துக் கொடுத்தாள். பின்பக்கம் முழுக்க, பறங்கிப்பூ அளவுக்குப் பெரிய ஆரஞ்சுப் பூ ஒன்று விழுந்திருந்தது.

"பூ ஏன் அங்க வந்துச்சு?"

"துணி அவ்வளவுதான் இருந்துச்சு. முன்னாடி வச்சா உனக்குத்தான் கூச்சம். பின்னாடி வர்றவங்க பாத்துட்டுப் போகட்டும்."

மறுநாள் பயிற்சியாளர் ஒருவர் அமர்த்தப்பட்டார். கறுப்புக் கண்ணாடியும் இதயத் துடிப்பை அளக்க நெஞ்சில் கட்டிய வாரும் நாலைந்து பொத்தான் வைத்த கடிகாரமுமாக இருந்தார். இப்போதெல்லாம் பெரிய மனிதர்கள் எல்லாரும் நோயிலிருந்து எழுந்தவுடன் அவரிடம்தான் போகிறார்களாம்.

"உங்க உடம்பு என்ன சொல்லுதுன்னு காது குடுத்துக் கேளுங்க" என்றார் அவர்.

டிகிரி கேட்டான். "படுக்கச் சொல்லுது சார்."

"அது உடம்பு இல்ல. பயம். இன்னும் உள்ள போய்க் கேளுங்க."

இன்னும் உள்ளே போனான். "வாந்தி வரும்னு சொல்லுது."

"அதான் உங்க எல்லை. எல்லைக்கு வணக்கம் சொல்லிட்டு அதைத் தாண்டிப் போறோம்."

டிகிரி எல்லைக்கு வணக்கம் சொல்லக் குனிந்தான். குனிந்தவன் நிமிரச் சற்று நேரம் பிடித்தது. அதுவும் ஒரு பயிற்சிதான் என்று பயிற்சியாளர் மெச்சினார்.

பயிற்சி தொடங்கிய காலையில்தான் யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. எடை அளவைத் துறையில் காலங்காலமாக ஒரு வழக்கம் உண்டு. இயக்குநருக்கு முன்னால் யாரும் நடக்கக் கூடாது. நடைக்கூடத்தில் அவர் செருப்பு வாரைச் சரிசெய்ய நின்றால், பின்னால் வருகிறவர்கள் அத்தனை பேரும் தங்கள் செருப்பையும் ஒருமுறை பார்த்துக்கொள்வார்கள். இப்போது டிகிரி இயக்குநரின் முழு மரியாதைகளோடும் தெருவில் இறங்கியிருந்தான். அவனுக்கு இரண்டடி பின்னால் கண்காணிப்பாளர் அம்மா இறங்கினார். அவருக்குப் பின்னால் பிரிவுத் தலைவர்கள், உதவியாளர்கள், தட்டச்சர், ஓட்டுநர், காவலாளி எல்லாரும் பதவி வரிசைப்படி.

"நீங்கள்லாம் எதுக்கு மேடம்?" என்று கேட்டான்.

"இயக்குநர் வெளியில போறப்போ நாங்க உள்ள உக்காந்திருந்தா நல்லா இருக்குமா? நீ நடப்பா. திரும்பிப் பாக்காத. இயக்குநர் திரும்பிப் பாக்க மாட்டாரு."

அலுவலகம் காலியாகிவிட்டது. தராசுக்கு முத்திரை வாங்க வந்திருந்த கடைக்காரர்கள் சற்று நேரம் பூட்டிய கதவைப் பார்த்தார்கள். பிறகு தராசையும் எடைக்கல்லையும் தோளில் தூக்கிக்கொண்டு ஊர்வலத்தின் வாலில் சேர்ந்துகொண்டார்கள். முத்திரை போடும் ஊழியர் நடுவில் எங்கோ போய்க்கொண்டிருந்தார். அவரைத் தாண்டிப் போய்க் கேட்பது மரியாதையாகாது. எனவே கேட்காமலே நடந்தார்கள். டிகிரி கொஞ்சம் நடந்தான், தெருவோரத் திண்டில் கொஞ்சம் உட்கார்ந்தான். எல்லாரும் உட்கார்ந்தார்கள். பின்னால் இருந்தவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் தூரத்தில் எழுந்து உட்காரும் ஓர் ஆரஞ்சுப் பூ மட்டுமே.

இதற்கிடையே இயக்குநர் தம் வீட்டில் காமாலையாகப் படுத்திருந்தார். கண்காணிப்பாளர் அம்மா நாள்தோறும் போய், எண்ணெய் உள்ள எதுவும் வீட்டுக்குள் வராமல் பார்த்துக்கொண்டார். சாயங்காலம் டிகிரி போய் நோய் நிலவரம் சொல்ல வேண்டும்.

"எனக்கு இன்னிக்கு எப்படி இருக்கு?" என்பார் இயக்குநர், போர்வைக்குள்ளிருந்து.

"பரவால்ல சார். குமட்டல் குறைஞ்சிருக்கு. முழங்கால்ல மட்டும் நடுக்கம். பசியே இல்ல."

"பசி இல்லையா? நேத்து எனக்கு நல்லாப் பசிச்சுதேப்பா. அலமாரில ஒரு பிஸ்கட் இருந்துச்சு, எடுத்துத் தின்னுட்டேன்."

"சார்" என்றார் கண்காணிப்பாளர் அம்மா கண்டிப்பாக. "பதிவுல பசி இல்லைன்னு இருக்கு."

இயக்குநர் தலையைக் குனிந்துகொண்டார். உப்பில்லாத கஞ்சியில் கிடந்து கிடந்து அவர் கன்னம் உண்மையிலேயே ஒட்டத் தொடங்கியிருந்தது.

ஓட்ட நாள் வந்தது. தொடக்கக் கோட்டில் போய் நின்ற டிகிரி இரண்டு பக்கமும் பார்த்தான். எல்லாத் துறைகளிலும் கண்காணிப்பாளர் அம்மாக்கள் இருந்திருக்கிறார்கள். சாலைத் துறையின் பொறுப்பில் காலில் மாவுக்கட்டோடு ஓர் எழுத்தர் நின்றார். கருவூலத்தின் பொறுப்பில், மூச்சு வாங்கியபடி ஒரு தட்டச்சர் அம்மா. வனத்துறையின் பொறுப்பில் நின்றவருக்கு அம்மைக் கொப்புளம் இன்னும் காயவில்லை. பந்தலுக்குள் துறைத் தலைவர்கள் சால்வை போர்த்திக்கொண்டு, ஒருவரையொருவர் நலம் விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கு முழங்கால்ல நடுக்கம். உங்களுக்கு?"

"எனக்கு எங்க உடைஞ்சிருக்குன்னு இன்னும் எழுதி அனுப்பல சார்."

வெடி போட்டதும் ஒருவரும் நகரவில்லை. எந்தத் துறை முன்னால் போவது என்ற கேள்வி எழுந்தது. மனிதன் வரி கட்டுவதற்கும் சாலை போடுவதற்கும் முன்பே அளக்கத் தொடங்கிவிட்டான் என்பதால், துறைகளில் மூத்தது எடை அளவைத் துறையே என்று முடிவாயிற்று. ஆகவே டிகிரி முன்னால். அவனை யாரும் தாண்டக் கூடாது.

அவன் நடந்தான். கொஞ்சம் நடந்தான், கொஞ்சம் உட்கார்ந்தான். அவனுக்குப் பின்னால் அரசாங்கம் முழுவதும் நடந்தது, உட்கார்ந்தது. அரசாங்கத்துக்குப் பின்னால் தராசுகளோடும் மனுக்களோடும் பொதுமக்கள்.

"வேகம் கூட்டுங்க" என்று இரண்டடி பின்னாலிருந்து கத்தினார் பயிற்சியாளர். "எல்லையைத் தாண்டுங்க."

"முந்தாநாள் தாண்டினேன் சார். திரும்ப வந்துடுச்சு."

மாவுக்கட்டு எழுத்தர் மெல்லக் குனிந்து, "தம்பி, நல்லா இருப்பீங்க. இதே மாதிரியே போங்க" என்றார். தட்டச்சர் அம்மாவும் கண்ணாலேயே நன்றி சொன்னார். நோய் வந்தபிறகு முதல்முறையாக டிகிரிக்கு உடம்பில் ஒரு தெம்பு தெரிந்தது. மருத்துவர் சொன்னதை அன்றுதான் அவன் ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தான்.

பொழுது சாயும்போது ஊர்வலம் ஆறாவது கிலோமீட்டர் கல்லருகே உட்கார்ந்திருந்தது. அறுபதாவது கிலோமீட்டரில் ரிப்பனோடு காத்திருந்த செயலருக்கு இன்னொரு கூட்டம் இருந்தது. செயலர் முடிவுக் கோட்டில் காத்திருக்கலாம், செயலருக்காகக் கூட்டம் காத்திருக்க முடியாது. எனவே முடிவுக் கோட்டை ஒரு வேனில் ஏற்றி அனுப்பினார்கள். வேன் வந்து டிகிரியின் மூக்குக்கு முன்னால் நின்றது. இரண்டு பேர் இறங்கி ரிப்பனைப் பிடித்தார்கள்.

கண்காணிப்பாளர் அம்மா இரண்டு ஃபைல்களோடு வந்தார்.

"தூரத்தை அளந்து சான்று குடுக்க வேண்டியது நம்ம துறை. அறுபது கிலோமீட்டர்னு எழுதியிருக்கு. இயக்குநர் பொறுப்புல நீ கையெழுத்துப் போட்டா ஓட்டம் முடிஞ்சுது. இது உன்னோட நிரந்தர ஃபைல். உங்கிட்ட இன்னும் முழு அதிகாரம் இருக்கு. இதுலயும் போட்டுடு. சார் திரும்ப வந்தா அவர் மனசு எப்படி இருக்குமோ யாரு கண்டா?"

டிகிரி கல்லைப் பார்த்தான். "மேடம், இது ஆறு."

"பக்கத்துல ஒரு பூஜ்யம் போட்டா அறுபது. பூஜ்யத்துக்கு எடை கிடையாதுப்பா. நம்ம துறைக்குத் தெரியாததா?"

அவன் பேனாவைத் திறந்தான். ஒரு கையெழுத்தில் அம்மாவின் கையிலிருந்து இஸ்திரிப் பெட்டி இறங்கிவிடும். ஆனால் ஐம்பது கிராம் குறைந்த எடைக்கல்லுக்கு அபராதம் எழுதியது இதே பேனா. அபராதம் கட்டியவர் எங்கோ வாலில் அந்தக் கல்லைச் சுமந்துகொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார். தன்னைத் தானே நிரந்தரமாக்கிக்கொள்வது எந்த விதியில் இருக்கிறது என்றும் அவனுக்குத் தெரியவில்லை. மறுக்கவும் பயம், போடவும் கூச்சம். இப்படிப்பட்ட நேரத்தில் பெரிய அதிகாரிகள் என்ன செய்வார்கள் என்று நினைத்துப் பார்த்தான். முடிவு சொல்லாமல் தள்ளிப்போட அவர்கள் எழுதுவதுபோல, இரண்டு ஃபைல்களிலும் "பேசுக" என்று எழுதித் தேதி போட்டான்.

கண்காணிப்பாளர் அம்மா அதைப் படித்துவிட்டு, முதன்முறையாக அவனைக் கொஞ்சம் மரியாதையோடு பார்த்தார். வேன் ரிப்பனைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டது.

தூரத்துக்குச் சான்று இல்லாததால் ஓட்டம் முடியவில்லை. ஓட்டம் முடியாததால் இயக்குநருக்கு நோய் குணமாகவில்லை. அவர் படுக்கையிலேயே இருந்தார். ஓட்டம் முடியும் வரை என்று ஆணையில் கண்டிருந்தபடி, கூடுதல் பொறுப்பு டிகிரியிடமே இருந்தது. இயக்குநரின் அறை, மேசை, மணி எல்லாம் அவனுக்கு. நிரந்தரம் மட்டும் இல்லை.

"இப்போ என்ன பண்றது மேடம்?"

"பேசணும். அப்படித்தானே எழுதியிருக்கு."

"யாரு பேசணும்?"

"ஃபைல் யாரோட இருக்கையில இருந்து கிளம்புச்சோ, அந்த உதவியாளர்."

"அது நான்தான்."

"யாரு எழுதினாரோ அவர்கிட்டப் பேசணும்."

"அதுவும் நான்தானே?"

"அப்புறம் என்ன கஷ்டம்? ஆனா திடுதிப்புன்னு உள்ள போயிடாத. வெளியில உக்காரு. இயக்குநர் கூப்பிடுவாரு."

டிகிரி இரண்டு ஃபைல்களையும் மடியில் வைத்துக்கொண்டு, இயக்குநர் அறைக்கு வெளியே இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தான். தராசு வைத்திருந்த காய்கறிக் கடைக்காரர் ஒருவர் நகர்ந்து இடம் கொடுத்தார். ஓட்டத்தன்று நாள் முழுக்க அவனுக்குப் பின்னால் வந்தவர்தான். ஆனால் முகத்தை அவர் பார்த்ததில்லை. இன்று அவன் முழுக்கால்சட்டை போட்டிருந்தான்.

"யாரைப் பாக்கணும் தம்பி?"

"இயக்குநரை."

"உள்ள இருக்காரா?"

டிகிரி கதவுக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தான். நாற்காலி காலியாக இருந்தது.

"இன்னும் வரல."

"எப்படி வருவாரு? நடக்கிறது ஆமை நடை. அன்னிக்கு அவர் பின்னாடியே போயி என் வியாபாரம் போச்சு. யாராவது முன்னாடி போய் அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"நீங்க கேட்டிருக்கலாமே."

"நானா? எனக்கு முன்னாடி எவ்வளவு பேர் போனாங்க. வரிசைன்னு ஒண்ணு இருக்கே தம்பி."

டிகிரி தலையாட்டினான். அது நியாயமாகத்தான் பட்டது. மதியம் வரை இருவரும் காத்திருந்தார்கள். கண்காணிப்பாளர் அம்மா எட்டிப் பார்த்து, "பேசிட்டியாப்பா?" என்றார். "இன்னும் கூப்பிடல மேடம்" என்றான். வெளியே மாலைக்குள் ஒரு முத்திரையாவது விழுமா என்று பார்த்துக்கொண்டு தராசுக்காரர்கள் படிக்கட்டு வரை உட்கார்ந்திருந்தார்கள்.

"ரொம்பப் படிச்சவராம்" என்றார் காய்கறிக் கடைக்காரர். "ஏழை வீட்டுப் பிள்ளைதானாம். அந்த நாற்காலில உக்காந்ததும் எல்லாம் மறந்துடும்போல."

டிகிரிக்கு அம்மா ஞாபகம் வந்தது. ஒரு ஏழையின் ஃபைலை இப்படி இழுத்தடிக்க ஒருவனுக்கு எப்படித்தான் மனசு வருகிறது என்று நினைத்தான்.

"ஆமாங்க" என்றான், கதவைப் பார்த்துக்கொண்டே. "மனசாட்சியே இல்லாத ஆளு."